ஒன்பது கால்களும் ஒன்றுபோல் அமிழ வேண்டும்

காட்பாடியில் ஏறி ஜோலார்பேட்டை வரை பகல் ரயிலில் போகிறவர்களுக்கு நிலவியல் பாடம் ஒன்று இலவசம். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஸ்டேஷன்கள் வந்துபோக, இருபக்கமும் குன்றுகள் கூடவே வரும். சரிவெங்கும் உருண்டைப் பாறைகள் கிடக்கும். சில பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இப்போது விழுமோ அப்போது விழுமோ என்று நிற்கும். யாரும் அவற்றை உருட்டிக்கொண்டு வரவில்லை. பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே உருண்டையானவை.

சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள நைஸ், சார்னகைட் பாறைகள் இவை. பாறை முதலில் நெடுக்கும் குறுக்குமாக வெடித்துப் பெரிய பெட்டிகளாகப் பிரிகிறது. மழைநீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெல்லிய அமிலமாகி அந்த வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை அந்த அமிலம் களிமண்ணாக மாற்றுகிறது. பெட்டியின் முகத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே அமிலம் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்தும், மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கும். ஆகவே மூலை முதலில் மழுங்கும், விளிம்பு அடுத்து மழுங்கும், நடுவில் உருண்டையாக ஒரு கரு மிஞ்சும். சுற்றியிருந்த மக்கிய பகுதியை மழை கழுவிக்கொண்டு போன பிறகு நம் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கரு.

கழுவப்படாத இடங்களில்தான் நமக்கு வேலை இருக்கிறது. மலையடிவாரத் தோட்டத்தில் மேலே ஒரே மாதிரிச் செம்மண் பரந்திருக்கும். அதற்கடியில் ஓரிடத்தில் அரை அடியிலேயே பாறை தட்டும். ஆறடி தள்ளித் தோண்டினால், கிணறு வெட்டுகிறவர்கள் சுக்காம்பாறை என்று சொல்லும் மக்கிய பாறை வரும். இன்னும் ஆறடி தள்ளினால் கடப்பாரை தன்பாட்டில் இறங்கிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட மண்ணில், மாலையில் நாலு நாற்காலி போட்டு உட்கார ஒரு மரமேடை வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். தரை ஒரு பக்கம் இரண்டடி சரிகிறது. "மேட்டுப்பள்ளமாச்சே, மேடை நிக்குமா?" என்று அவருக்குச் சந்தேகம்.

கண்ணுக்குத் தெரியும் மேட்டுப்பள்ளம் பெரிய விஷயமே இல்லை. அதை அரை மணி நேரத்தில் அளந்துவிடலாம். ஒரு காலை நீளமாகவும் ஒரு காலைக் குட்டையாகவும் வெட்டினால் தீர்ந்தது. மேடைகளைக் கெடுக்கும் மேட்டுப்பள்ளம் மண்ணுக்குள் இருக்கிறது. எந்த மண்ணும் பாரத்துக்குக் கொஞ்சம் அமிழத்தான் செய்யும். எல்லாக் கால்களும் சேர்ந்து ஒரு செ.மீ. அமிழ்ந்தால் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாறைமேல் நிற்கும் கால் அப்படியே நிற்க, பக்கத்துக் கால் மட்டும் அதே ஒரு செ.மீ. அமிழ்ந்தால் பலகை முறுக்கிக்கொள்ளும், ஆணி துருத்தும், டம்ளரில் தண்ணீர் சாயும். கட்டடப் பொறியாளர்கள் பயப்படுவது அமிழ்வதைக் கண்டல்ல, கால்கள் ஆளுக்கொரு அளவாக அமிழ்வதைக் கண்டுதான்.

அடுப்புக்கு மூன்று கல் வைத்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள். மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் செல்லும். கல் ஒன்று அமிழ்ந்தால் பானை சாயுமே தவிர ஆடாது. நாலாவது கல்லை வைத்த நொடியிலேயே அந்த நிம்மதி போய்விடும். நாலும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று அந்தரத்தில் நிற்கும். மூன்றே காலில் 12 சதுர மீட்டர் மேடையை நிறுத்த முடியாது, மூலைகள் தூக்கிக்கொள்ளும். அதனால் மூன்று வரிசையில் வரிசைக்கு மூன்றாக ஒன்பது கால் வைப்போம். அப்போது ஆறு கால்கள் உபரி. எந்த உபரிக் கால் எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதை நம் வரைபடம் மட்டும் தீர்மானிக்காது. அடியிலிருக்கும் மண்ணும் தீர்மானிக்கும்.

சரி, எவ்வளவு பாரம்? வீட்டுத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிலோ வரை ஆள்கள், பொருள்கள் என்று வைத்துக் கணக்கிடுவது இந்தியக் கட்டுமான வழக்கம். பிறந்தநாளன்று தெருவே வந்து நிற்கும் என்பதால் 300 என்றே வைப்போம். மரத்தின் சொந்த எடைக்கு இன்னொரு 50. மொத்தம் 12 சதுர மீட்டருக்கு 4,200 கிலோ. ஒன்பது காலுக்குச் சமமாகப் பிரித்தால் காலுக்கு 467 கிலோ என்று கணக்கு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கு தப்பு. நடுக்கால் தன்னைச் சுற்றியுள்ள 3 சதுர மீட்டரைத் தாங்குகிறது. விளிம்பின் நடுவிலிருக்கும் கால் 1.5 சதுர மீட்டரையும், மூலைக்கால் வெறும் 0.75 சதுர மீட்டரையும் தாங்குகின்றன. அதாவது நடுக்காலுக்கு 1,050 கிலோ, விளிம்புக்காலுக்கு 525 கிலோ, மூலைக்காலுக்கு 262 கிலோ. உத்திரத்தைத் துண்டு போடாமல் ஒரே நீளமாக ஓட்டினால் நடுக்காலின் பங்கு இன்னும் கூடும்.

ஒன்பது குழி, ஒன்பது கல், எல்லாம் ஒரே அளவு என்று வேலையை ஆரம்பிக்கும் மேஸ்திரி நேர்த்தியாக வேலை செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் நடுக்கல் மூலைக்கல்லைப் போல் நாலு மடங்கு அழுத்தத்தில் நிற்கிறது. மண் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருந்தாலும்கூட நடு அதிகம் அமிழும். கொஞ்ச நாளில் மேடை தாம்பாளம்போல் குழியும், மழைத்தண்ணீர் நடுவில் சேரும். பழி மரத்தின்மேல் போகும்.

10 செ.மீ. சதுரக் கட்டையை நேரே மண்ணில் ஊன்றினால் நடுக்காலுக்கு அடியில் சதுர செ.மீ.க்கு பத்தரை கிலோ அழுத்தம் வரும். சதுர மீட்டருக்கு 105 டன். நல்ல கெட்டிச் செம்மண்ணுக்குக்கூட அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் நம்பிக் கொடுக்கலாம். அதே கட்டையை 45 செ.மீ. சதுரக் கல் பலகையின்மேல் நிறுத்தினால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 5 டன் சொச்சத்துக்கு இறங்கிவிடும். மூலைக்காலுக்கு அதே அழுத்தம் வரவேண்டுமானால் பலகையின் பக்கம் பாதியாக இருந்தால் போதும், 22 அல்லது 23 செ.மீ. பாரம் கால்வாசி, பரப்பும் கால்வாசி. விளிம்புக்கு 32 செ.மீ. இப்படி மூன்று அளவில் கல் வெட்டச் சொல்வதற்குச் செலவு கூடாது, குறையத்தான் செய்யும். ஆனாலும் யாரும் இப்படிச் செய்வதில்லை.

கல் என்றேன். இந்தப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. வேலிக்கும் கொடிப்பந்தலுக்கும் கருங்கல்லைத் துண்டாகப் பிளந்து நட்டு வைத்திருப்பதை வேலூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் எங்கும் பார்க்கலாம். நசுக்கும் பாரத்தில் கருங்கல் சதுர செ.மீ.க்கு 1,000 கிலோவுக்கு மேல் தாங்கும். வளைக்கும் பாரத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு தாங்கினால் அதிகம், உடைந்தால் சொல்லாமல் உடையும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்குச் சிற்பிகளின் ரசனை ஒரு காரணம், கல் உத்திரத்தின் இந்தப் பலவீனம் இன்னொரு காரணம். நம் மேடைக்குப் பாடம் எளிது. நிற்பதற்குக் கல், படுப்பதற்கு மரம். மரம் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசத்தை அது தன்னுடைய வளைவில் வாங்கிக்கொள்ளும். அதே இடத்தில் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் விரிசல் விட்டிருக்கும்.

இனி மண்ணைச் சோதிக்க வேண்டும். ஒன்பது இடத்திலும் ஒரே ஆள், ஒரே கடப்பாரையால், ஒரே பலத்தில் குத்திப் பார்ப்பது மோசமான முறை அல்ல. எங்கே இறங்குகிறது, எங்கே தெறிக்கிறது என்று ஒன்பது குறிப்பு கிடைக்கும். ஆனால் அதை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பது முக்கியம். கத்திரி வெயிலில் செம்மண் செங்கல்போல் இறுகியிருக்கும். மண்துகள்களுக்கு இடையே மிஞ்சியிருக்கும் சொற்ப ஈரம் பரப்பு இழுவிசையால் அவற்றை இழுத்துப் பிடித்திருப்பதால் வரும் கெட்டி அது. ஈரம் பெருகிப் பெருகி இடைவெளி முழுக்க நீர் நிறைந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். மே மாதத்தில் கடப்பாரையைத் திருப்பி அனுப்பிய மண் நவம்பரில் அதை வா என்று கூப்பிடும்.

நீர் அதோடும் விடாது. 1883-இல் பிராகாவில் பிறந்த கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் 1920-களில் வந்த முடிவின்மேல்தான் இன்றைய மண் இயந்திரவியல் நிற்கிறது. மண்ணின் பலத்தை நிர்ணயிப்பது மொத்தப் பாரம் அல்ல. மொத்தப் பாரத்திலிருந்து இடைவெளி நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ, அதாவது துகள் துகளை அழுத்தும் விசை, அதுதான் பலம். நிலத்தடி நீர் தரைவரை ஏறினால் மண் தன் எடையில் ஏறக்குறைய பாதியை நீரிடம் இழக்கிறது. மணற்பாங்கான தரையின் தாங்குதிறனும் கிட்டத்தட்டப் பாதியாகும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த வாரத்தில், பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். வேலூருக்கு ஆண்டு மழை சுமாராக 1,000 மி.மீ.தான். அது ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்வதில்லை என்பதுதான் சங்கடம். சோதனையை நவம்பரில் செய்யுங்கள், இல்லையென்றால் குழிக்குள் குடம் குடமாக நீர் ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டு மறுநாள் குத்திப் பாருங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துக்கென்றே தனியாக ஒரு சோதனை உண்டு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டித்தான் அனுப்புகிறார்கள். தோல் பதனிடும் டேனரிக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. அந்தத் தண்ணீர் பல பத்தாண்டுகள் எங்கே போயிற்று என்பதுதான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் சாரம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதைச் சொல்லும் ஆய்வைக் குறிப்பிடுகிறது. பயிர் விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது. அதே சோடியம் கட்டுமானத்தை என்ன செய்யும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

களிமண் துகள் மிக மெல்லிய தகடு, அதன் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கும். பக்கத்துத் தகட்டோடு அதைச் சேர்த்துக் கட்டுவது இடையிலிருக்கும் நேர்மின் அயனிகள். கால்சியம் அயனிக்கு இரட்டை மின்னேற்றம், அது தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். சோடியத்துக்கு ஒற்றை மின்னேற்றம், போதாததற்குச் சுற்றிலும் நீரைச் சேர்த்துக்கொண்டு பருத்து நிற்கும். சோடியம் மிகுந்த மண்ணில் தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நீரில் மிதந்து போய்விடும். விவசாயிகள் களர் என்று சொல்லும் நிலம் இதுதான். காய்ந்தால் ஓடு கட்டும், நனைந்தால் குழம்பாகும்.

இதில் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. நீரில் உப்பு அதிகமாக இருக்கும்வரை களிமண் தகடுகள் விலகாமல் ஒட்டியே இருக்கும். உப்பு போர்வெல் நீர் பாய்கிற தோட்டத்தில் மண் ஒழுங்காக நிற்பதுபோல் தெரியும். உப்பில்லாத மழைநீர் இறங்கியதும் அது கலைகிறது. மழைநீர் மேடைக்கல்லுக்கு அடியில் விரல் பருமனில் ஒரு வழி கண்டுபிடித்தால் களிமண்ணைக் கரைத்துக் கரைத்து வெளியே எடுத்துப் போகும். மேலே கல் அப்படியே இருக்கும், கீழே பொந்து வளரும்.

கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். அதில் மழைத்தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி, குழியின் அடியிலிருந்து எடுத்துக் காயவைத்த சுண்டைக்காய் அளவு மண்கட்டியை மெல்ல உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது, தொடவும் கூடாது. இரண்டு மணி நேரத்தில் கட்டி உதிர்ந்து நீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் ஒரு புகை பரவினால் மண்ணில் சோடியம் மிஞ்சிவிட்டது. போர்வெல் நீரில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மண் நல்ல மண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

களர்நிலத்தைத் திருத்த வேளாண்துறை சொல்லும் மருந்தான ஜிப்சம் இங்கேயும் வேலை செய்யும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். ஆனால் ஜிப்சத்தின் சல்பேட் சிமெண்டைக் கடிக்கும். மண்ணிலுள்ள குளோரைடு காங்கிரீட்டுக்குள் ஊடுருவி, கம்பியின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலத்தை உடைக்கும். கம்பியில் ஏறும் துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல் பல மடங்கு இடம் பிடித்துக் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கருங்கல்லை இந்த இரண்டும் ஒன்றும் செய்வதில்லை. டேனரி வட்டாரத்தில் மேடைக்கால் கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

காலே வேண்டாம், பள்ளப் பக்கத்தில் ஒரு சுவர் எழுப்பி மண்ணைக் கொட்டி நிரவிவிட்டால் போயிற்று என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது பார்க்கச் சிக்கனமாகத் தெரியும். மேடையின் ஒரு பாதி கோடிக்கணக்கான ஆண்டாக இறுகிய தரையிலும் மறு பாதி போன வாரம் கொட்டிய மண்ணிலும் நிற்கும். சமமாக அமிழாத தளத்தை வேண்டுமென்றே கட்ட நினைத்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. நிரப்பித்தான் ஆகவேண்டுமென்றால் அரை அடி அரை அடியாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். எவ்வளவு ஈரத்தில் இடிப்பது என்பதை லாஸ் ஏஞ்சல்ஸில் அணைகள் கட்டிய ரால்ஃப் பிராக்டர் 1933-இல் சோதித்து எழுதினார். காய்ந்த மண்ணில் உராய்வு துகள்களை நகரவிடாது. அதிகம் நனைந்த மண்ணில் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. கையில் பிடித்தால் உருண்டையாக வேண்டும், விரல்விட்டால் இரண்டாகப் பிளக்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது.

சுவரைப் பொறுத்தவரை, பின்னாலிருந்து வரும் அழுத்தம் ஆழத்தோடு சேர்ந்து கூடும். அதனால் உயரம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நாலு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கும் முயற்சி எட்டு மடங்காகும். ஓரடிச் சுவர் நன்றாக நிற்கிறதே, மூன்றடிக்கு மூன்று மடங்கு கனம் வைப்போம் என்று போடும் கணக்கு இங்கே செல்லாது. மண்ணுக்குள் நீர் நிறைந்தால் அழுத்தம் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். காய்ந்த மண் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் தள்ளுகிறது, நீரோ முழு எடையையும் தள்ளும். சுவரின் அடியில் விடும் நீர்போக்கு ஓட்டைகள் அலங்காரத்துக்கு அல்ல. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில், டேனரிகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டியின் சுவர் உடைந்து, தேங்கியிருந்த சேறு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் பாய்ந்தது. பத்து பேர் இறந்தார்கள். கெட்டியாகாத எதைத் தேக்கினாலும் அதன் தள்ளுவிசை நீரின் தள்ளுவிசையைவிடக் குறையாது, சேற்றுக்கு அது இன்னும் கூடுதல். தோட்டத்தில் நிரப்பலைத் தவிர்த்து, சரிவை அப்படியே விட்டு, கால்களில் நிற்பதே மேல். மழைநீரும் தன் வழியில் கீழே போய்விடும்.

சரிவில் ஒவ்வொரு குழியின் அடியையும் படிபோல் கிடைமட்டமாக வெட்ட வேண்டும். சாய்ந்த அடியில் வைத்த கல் பாரம் ஏற ஏறக் கீழ்நோக்கி வழுக்கும். குழிகள் ஆனதும் மட்டம் பார்ப்பது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி இரு முனையையும் தூக்கிப் பிடிக்கும் டியூப் மட்டம் கொத்தனார்களிடம் இருப்பதிலேயே மலிவான கருவி. ரசமட்டத்தைவிட நீண்ட தூரத்துக்கு நம்பகமானதும்கூட. அதுவும் ஏமாற்றும். குழாயின் செங்குத்துப் பகுதியில் ஒரு செ.மீ. காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் மட்டத்தில் ஒரு செ.மீ. பிசகும். அதைக் கண்டுபிடிக்கலாம், குமிழி கண்ணுக்குத் தெரியும். வெயில் செய்யும் பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஒரு முனை மரநிழலில் 25 டிகிரியிலும் மறுமுனை வேலூர் வெயிலில் 45 டிகிரியிலும் இருந்தால், சூடான நீரின் அடர்த்தி 0.7 சதவீதம் குறைவு. ஒரு மீட்டர் உயரத்துக்கு அந்தப் பக்கம் ஏழு மி.மீ. கூடுதலாக ஏறி நிற்கும். குழாயைத் தரையோடு படுக்கவிட்டு, செங்குத்துப் பகுதியைக் குறைத்து, காலை ஏழு மணிக்குள் மட்டம் பார்த்துவிடுவது நல்லது.

சரிவில் நிற்கும் மேடைக்கு இன்னொரு சிக்கல், கால்களின் நீளம். மேட்டுப் பக்கம் 30 செ.மீ., பள்ளப் பக்கம் 90 செ.மீ. என்று வைப்போம். பிள்ளைகள் மேடையில் ஓடும்போது மேடை பக்கவாட்டில் ஆடப் பார்க்கும். நெட்டைக் கால்தான் அந்த விசையில் அவதிப்படும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பக்கவாட்டு விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம் என்பதால், மூன்று மடங்கு குட்டையான கால் 27 மடங்கு விறைப்பானது. மேலே மேடை எல்லாக் கால்களையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் அத்தனையும் ஒரே அளவுதான் நகர முடியும். அந்த நகர்வை எதிர்த்து நிற்கும் விசை ஏறக்குறைய முழுதும் குட்டைக் கால்களிடம் போய்ச் சேருகிறது. ஆட்டத்தில் முதலில் தளர்வது மேட்டுப் பக்கத்து இணைப்புகள். நெட்டைக் கால்களுக்கிடையே மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் அடித்து முக்கோணமாக்கினால் அவையும் பாரத்தில் பங்குக்கு வரும். சட்டங்களை ஆணியால் அடிக்காமல் போல்ட்டால் முடுக்க வேண்டும்.

ஆணி என்றதும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வேதியியல். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட காலத்தில் இரும்புப் பாத்திரம் தொட்டியருகே வராது. பட்டையிலுள்ள டேனின் இரும்போடு சேர்ந்தால் அழியாத கருநீலக் கறை உண்டாகும். பழைய எழுதுமைகள் பல அந்தச் சேர்மானத்தில்தான் செய்யப்பட்டன. கருவேலம், மருது போன்ற டேனின் மிகுந்த மரத்தில் சாதா இரும்பு ஆணி அடித்தால், மழைக்கு மழை ஆணித்தலையிலிருந்து கருப்புக் கண்ணீர் வடியும். மரத்தின் அமிலம் ஆணியைத் தின்னும், ஆணியின் துரு மரநாரைத் தின்னும். எவர்சில்வர் திருகாணி விலை கூடுதல்தான். ஆனால் பிடி தளர்ந்த ஒரு பலகையே மேடை முழுவதையும் ஆட்டிவைக்கும். மரம் கல்லின் தலையில் உட்காரட்டும், மண்ணைத் தொட வேண்டாம். தரைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு சாண் கல் வெளியே தெரிந்தால் கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுவது நம் கண்ணில் படும்.

வீட்டுச் சுவரோடு மேடையைப் போல்ட் போட்டு இணைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் பக்கத்து மலையில் இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால், கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டர் சொச்சத்தில் காவலூர் வானாய்வகம் வரும். 1968-இல் அங்கே முதல் தொலைநோக்கியும், 1972-இல் ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கியும் வந்தன. 1986-இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இப்படிப்பட்ட வேலையில் ஒரு மீட்டர் அகலமுள்ள அடித்தளம் ஒரு பக்கம் 5 மைக்ரான் தாழ்ந்தாலே விண்மீன் ஒரு வில்விநாடி நகர்ந்துவிடும். ஒரு மி.மீ.யை 200 துண்டாக்கினால் ஒரு துண்டுதான் 5 மைக்ரான். ஆகவே உலகெங்கும் பெரிய தொலைநோக்கிகளுக்கு ஒரு விதி உண்டு. தொலைநோக்கியைத் தாங்கும் தூண் தன் சொந்த அடித்தளத்தில் தனியே எழும். சுற்றியுள்ள கட்டடமும் ஆள் நடக்கும் தளமும் அதைத் தொடாது, நடுவில் இடைவெளி இருக்கும். கட்டடம் காற்றில் அதிரட்டும், வெயிலில் விரியட்டும், அமிழட்டும், அது தூணுக்குத் தெரியவேண்டியதில்லை.

நம் வீடு இருபது ஆண்டுக்கு முன்பே அமிழ்ந்து முடித்துவிட்டது. மேடை இனிமேல்தான் அமிழப்போகிறது. இரண்டையும் கட்டிப்போட்டால் மேடையின் ஒரு விளிம்பு மட்டும் அமிழாமல் பிடிவாதம் பிடிக்கும், அந்த விளிம்பில்தான் பிளவு வரும். இரண்டு விரல் இடைவெளி விட்டு மேடையைத் தன் காலில் நிற்கவிடுவதே சரி.

இத்தனை செய்தும் ஏதோ ஒரு கால் கொஞ்சம் கூட அமிழத்தான் போகிறது. பைசா கோபுரம் 1173-இல் தொடங்கி மூன்றாம் மாடியிலேயே சாயத் தொடங்கியது. அதை நேராக்க எண்ணூறு ஆண்டாக எத்தனையோ பேர் முயன்றார்கள். 1990-இல் மக்களை அனுமதிப்பதை நிறுத்தினார்கள். சாய்ந்த பக்கத்தைத் தூக்கும் எண்ணத்தை விட்டு, உயர்ந்திருந்த வடக்குப் பக்கத்துக்கு அடியிலிருந்து சாய்வான துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். கோபுரத்தின் உச்சி சுமார் 45 செ.மீ. பின்னுக்கு வந்தது. 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். உயர்ந்த பக்கத்தைத் தாழ்த்தி அமிழ்வைச் சமன்செய்தார்கள், அவ்வளவுதான்.

நம் மேடைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, முன்யோசனை இருந்தால் போதும். கல் தூணின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் முதல் நாளே ஒரு செ.மீ. கடப்பா கல் சில்லுகளை அடுக்கி வைத்து, போல்ட் ஓட்டையை மேலும் கீழுமாக நீளமாக வெட்டி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்ததும், ஒரு காலையில் டியூப் மட்டத்தை எடுத்து ஒன்பது காலையும் பாருங்கள். ஒரு கால் ஆறு மி.மீ. அமிழ்ந்திருந்தால் போல்ட்டைத் தளர்த்தி, லாரி ஜாக்கியால் அந்த மூலையை மெல்லத் தூக்கி, ஆறு மி.மீ. சில்லைச் செருகி மறுபடி முடுக்குங்கள். மற்ற எட்டும் சமமாக அமிழ்ந்து ஒன்று மட்டும் பாறைமேல் அடம்பிடித்து நின்றால், அந்தத் தலையிலிருந்து சில்லை உருவிவிடுங்கள். அடுத்த தையிலும் ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் மூன்றாம் தைக்குள் மண் தன் வேலையை முடித்துவிடும்.